செவ்வரத்தையும் அதன் வர்ண பேதங்களும்

மன்னார்த் தீவுக்கு வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்த பின் தவறாமல் போய்ப் பார்க்கிற மற்றொன்று பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவும், அந்தச் சுற்றளவுக்குச் சற்றும் பொருந்தாத குள்ள உருவமும் கொண்ட அந்த ஆபிரிக்க விருட்சத்தை 1477ஆம் ஆண்டில் அராபிய மாலுமிகள் நட்டார்கள் என்று சொல்லப்படுவதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒருங்கே அதன் அடியில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். திரும்புகிற வழியில் கிடுகு வேலிகளுக்கு மேலாகத் தலை நீட்டி நிற்கும் செவ்வரத்தையை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. பெருக்கமரமும் செவ்வரத்தையும் இன்றைய தாவர சாஸ்திரிகளின் கணக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்தியும் வெண்டியும் கரையோரமெங்கும் நிழல் தருகிற பூவரசும் அந்தக் குடும்பத்தவையே. மேற்கிலிருந்து வந்த உறவினனுக்கு அறிவிப்புப் பலகையும் யாத்திரிகர் கூட்டமும் கிடைத்திருக்க, கிழக்கிலிருந்து வந்த உறவினன் வேலிக் கதியாலுக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையே பெயர் கேட்பாரற்று நிற்பது ஒரு விசித்திரந்தான்.

செவ்வரத்தை என்றால் சிவப்பு என்பதே பழைய காலத்துத் தீர்மானம். வடமொழியில் அதற்கு ஜபா என்று பெயர். மேகதூதத்தில் காளிதாசர் அந்திச் சிவப்புக்கு உவமானம் தேடியபோது புதிதாக அலர்ந்த ஜபா புஷ்பத்தையே எடுத்துக்கொண்டார். நவக்கிரக ஸ்தோத்திரத்தில் சூரியனுடைய நிறத்துக்கும் அதுவே உவமையாக நிற்கிறது. வங்காளத்தில் காளிக்கு அதைவிட உகந்த மலர் வேறில்லை. வேதாந்திகளோ ஸ்படிகத்தின் அருகே ஜபா குசுமத்தை வைத்து, நிறமற்ற கல் சிவந்து தோன்றுவதைக் காட்டி, ஆன்மாவுக்கும் அதைச் சார்ந்த உபாதிகளுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கினார்கள். அந்தத் திருஷ்டாந்தம் பல நூற்றாண்டுகள் சலிக்காமல் எடுத்தாளப்பட்டதற்குக் காரணம், ஜபா என்றவுடன் கேட்பவன் மனத்தில் சிவப்பைத் தவிர வேறு நிறம் எழாது என்ற உறுதியே. சிங்களவர்கள் அதை வத மல் என்கிறார்கள். கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படுகிறவனுடைய கழுத்தில் அந்தப் பூமாலையை இடுவது அக்காலத்து வழக்கம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். தேவிக்கும் சூரியனுக்கும் குற்றவாளிக்கும் ஒரே பூ உரியதாயிற்று என்றால், அதன் நிறம் மனிதருடைய உள்ளத்தில் எத்தகைய சலனத்தை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஒரே நிறத்துப் பூவிலிருந்து வெள்ளையும் மஞ்சளும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும், நடுவில் இரத்தச் சிவப்பும் ஓரத்தில் சந்தனமுமாக விரிகிற கலப்பு நிறங்களும், ஊதா என்று விற்பவர்கள் சாதிக்கிற ஒருவகைச் சாம்பல் நிறமும் எப்படி வந்தன என்பதுதான் இங்கே சொல்ல வந்த சரித்திரம். அதைச் சொல்வதற்கு மன்னாரிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதன்று. ஏனெனில் அந்தச் சரித்திரம் முழுவதும் கடல்வழிச் சரித்திரம்.

செவ்வரத்தைக்கு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இட்ட லத்தீன் பெயர் அதைச் சீனத்து ரோஜா ஆக்கிவிட்டது. ஆயினும் சீனத்துக் காடுகளிலோ, இந்தியக் காடுகளிலோ, வேறெங்குமோ அந்தச் செடி தானாக முளைத்து வளர்ந்து நிற்பதைக் கண்டவர் இல்லை. எங்கே கண்டாலும் அது ஒரு வீட்டின் அருகே, ஒரு கோயிலின் அருகே, அல்லது இடிந்துபோன ஒரு வீட்டின் மனையிலே நிற்கிறது. பசிபிக் சமுத்திரத் தீவுகளைச் சேர்ந்த இரண்டு காட்டினங்கள் பண்டைக் காலத்து மனிதருடைய தோட்டத்தில் கலந்து பிறந்த சந்ததியே இது என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். அந்தக் கருத்துக்கு அனுசரணையாக ஒரு பிரத்தியட்ச உண்மை நம் கண்முன் இருக்கிறது: பழைய சிவப்புச் செவ்வரத்தை, முக்கியமாக அதன் அடுக்குப் பூ வகை, விதை வைப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். காய் பிடிக்காத செடி காடு ஏறாது. காற்றும் பறவையும் அதைக் கொண்டுபோக மாட்டா. ஒருவர் ஒரு தடியை முறித்து இன்னொருவர் கையில் கொடுத்தாலன்றி அது ஓர் அடியும் நகராது. ஆகவே, இன்று பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்கள் அனைத்திலும் செவ்வரத்தை நிற்கிறதென்றால், அத்தனை ஊர்களுக்கும் அது மனிதருடைய கையிலேயே பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

இத்தகைய கைமாற்றத்துக்கு உகந்த துறைமுகம் பழங்காலத்தில் மன்னார்க் கரையிலேயே இருந்தது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில், பாலாவிக் கரையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கும் மாதோட்டம் என்னும் மாந்தை, கிழக்கேயிருந்து வந்த மரக்கலங்களும் மேற்கேயிருந்து வந்த மரக்கலங்களும் சரக்கு மாற்றிக்கொண்ட இடம். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் அங்கே நடத்திய அகழ்வில் சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாவின் மெருகிட்ட மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. பிற்பட்ட அகழ்வொன்றில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கராம்பும் கருகிய நிலையில் அகப்பட்டது. அக்காலத்தில் கராம்பு மரம் வளர்ந்த ஒரே இடம் இன்றைய இந்தோனேசியாவின் கீழ்க்கோடியிலுள்ள மலுக்குத் தீவுகள். அங்கிருந்து உலர்ந்த மொட்டு மாந்தைவரை வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றிய தடிகளும் எந்த மாலுமியின் பெட்டகத்திலாவது வந்திருக்க மாட்டாவா என்று எண்ணத் தோன்றுகிறது. தடி மக்கிப்போகும், கராம்பைப்போல் கருகி நிலைக்காது. எனவே இந்த எண்ணத்தை எண்ணமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துச் சான்று ஒல்லாந்தர் காலத்தில் கிடைக்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தத் தளபதி ரைக்லொப் வான் கூன்ஸ் பிடித்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கொச்சியும் அவர் வசமாயிற்று. அந்தக் கொச்சிக்கு 1670இல் அதிபதியாக வந்த வான் ரீட் என்பவர், வாள் பிடித்த கையால் செடிகளையும் தொட்டுப் பார்க்கும் ஆசையுடையவர்; இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களையும் துணைக்கொண்டு, மலையாள நாட்டுத் தாவரங்களைப் படத்தோடு விவரிக்கும் பன்னிரண்டு பாகங்களைத் தொகுத்தார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை அச்சேறிய அந்த மலபார் நந்தவன நூலில், செம்பரத்தி என்று மலையாளிகள் வழங்கிய பெயரோடே நம் செவ்வரத்தை இடம் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் பிலிப் மில்லர் என்ற தோட்டக்காரர் செல்சி மருந்துத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் அதை வளர்த்தது 1731இல். குளிர் தேசத்தில் கணப்பு மூட்டி வளர்க்க வேண்டிய அருமைப் பொருளாகிவிட்டபடியால், நம் வேலியில் ஆடு கடிக்கிற செடிக்கு அங்கே திடீரென்று ஒரு மதிப்பு உண்டாயிற்று.

நிறங்களின் கதை மொரீஷியஸில் தொடங்குகிறது. 1820களில் அங்கே வாழ்ந்த சார்லஸ் டெல்பெயர் என்ற ஐரிஷ் வைத்தியர், அந்தச் சமுத்திரப் பகுதித் தீவுகளுக்கே உரிய லில்லிப்பூச் செவ்வரத்தை என்னும் காட்டினத்தின் மகரந்தத்தை எடுத்துச் சீனத்து ரோஜாவின் சூலகமுடியில் வைத்துப் பார்த்தார். பழைய சிவப்பிலும் சில செடிகள், ஏற்ற துணை வாய்த்தால், அரிதாகக் காய் பிடிக்கும். அப்படிப் பிடித்த காய்களிலிருந்து முளைத்த கன்றுகள் தாயையும் தந்தையையும் ஒவ்வாமல் விதவிதமான நிறங்களில் பூத்தன. அவற்றை அவர் இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே சித்திரக்காரர்கள் வரைந்து பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். மனிதன் வேண்டுமென்றே நிறம் தேடிச் செவ்வரத்தையைக் கலந்ததற்கு நாம் அறிய முதல் உதாரணம் இது. டெல்பெயர் தம் விளையாட்டின் பின்விளைவைக் காணவில்லை. மொரீஷியஸின் இரண்டொரு மலைச்சரிவுகளில் மாத்திரம் மிஞ்சியிருக்கும் மாந்திரினெத் என்ற காட்டுச் செவ்வரத்தைக்கு இன்று நேர்ந்திருக்கும் பெரிய அபாயங்களில் ஒன்று, தோட்டத்துச் செவ்வரத்தையோடு கலந்து தன் சுய ரூபத்தை இழந்துவிடுவதே. நிறம் பெருகிய கதையிலேயே நிறம் அழிகிற கதையும் அடங்கியிருக்கிறது. தோட்டக் கலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பொதுவாக இதைச் சொல்வதில்லை.

அடுத்த துணை ஆபிரிக்காவிலிருந்து வந்தது. சன்சிபாரில் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த ஜோன் கிர்க் 1870களில் கிழக்காபிரிக்கக் கரையில் கண்டு அனுப்பிய அந்த இனத்தின் இதழ்கள் நாரு நாராகக் கிழிந்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கி, காற்றடிக்கும்போது சிமிக்கிபோல் ஆடும். இலங்கையின் பழைய வீட்டு முற்றங்களில் அதைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். தோட்டக்காரர்களுக்கு அதனால் கிடைத்த லாபம், அதன் நெடிய வளர்ச்சியும் சலியாது பூக்கும் குணமும் சந்ததிகளுக்கும் இறங்கியதே.

பிறகு ஹவாயி. அந்தத் தீவுகளில் மணமுள்ள வெள்ளைப் பூப் பூக்கும் சொந்தக் காட்டினங்கள் இருந்தன. செவ்வரத்தைக்கு மணம் உண்டென்பதே நமக்கு நூதனமான செய்தி. ஆசியாவின் சிவப்பும், மொரீஷியஸின் கலப்பும், ஆபிரிக்காவின் சிமிக்கியும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கப்பல்களில் அங்கே போய்ச் சேர்ந்து, உள்ளூர் வெள்ளையோடு கலந்தபோது உண்டான நிறங்களுக்குக் கணக்கில்லை. வில்கொக்ஸ், ஹோல்ட் என்ற இருவர் 1913இல் ஹவாயி விவசாயப் பரிசோதனை நிலையத்தின் வெளியீடாக ஒரு சிறு நூலை எழுதி, அதுவரை உண்டான வகைகளைப் பெயரிட்டு விவரித்தார்கள். அடுத்த ஆண்டில் ஹொனலூலுவில் கெரிட் வைல்டர் என்பவர் நூற்றுக்கணக்கான வகைகளைக் கண்காட்சியில் வைத்து ஊரை மயக்கினார். 1923இல் செவ்வரத்தை அந்தப் பிரதேசத்தின் மலராயிற்று. மலாயாவோ சுதந்திரம் பெற்றபின் 1960இல் பழைய சிவப்பையே, ஐந்திதழ் ஒற்றைப் பூவையே, தன் தேசிய மலராக வரித்தது. இத்தனை நிறங்கள் பெருகிய பின்னும் ஒரு தேசம் ஆதி நிறத்துக்குத் திரும்பியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிறம் எங்கேயிருந்து வருகிறதென்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சிவப்பைத் தருவது இதழின் சாற்றில் கரைந்திருக்கும் அந்தோசயனின்; மஞ்சளையும் செம்மஞ்சளையும் தருவது சாற்றில் கரையாமல் நுண்ணிய மணிகளாய்த் தங்கும் கரோட்டினொயிட்டு. முதலாவது இல்லாது இரண்டாவது இருந்தால் மஞ்சள். இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. இரண்டும் வெவ்வேறு அளவில் ஒன்றன்மேலொன்று படிந்தால் செங்கல் நிறம், கபிலம், சாம்பல் ஊதா முதலிய கலவைகள். தூய நீலம் மட்டும் எவருக்கும் வசப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செவ்வரத்தம் இதழைத் தாளில் தேய்த்து, எலுமிச்சஞ் சாற்றைவிட்டால் சிவப்பதையும் சுண்ணாம்பு நீரைவிட்டால் பச்சையாய்த் திரிவதையும் கண்டு குதூகலிப்பது அந்த அந்தோசயனினின் சாகசமே. மனிதருக்கும் பெரும்பாலான பிராணிகளுக்கும் பரம்பரை இழைகள் இரண்டிரண்டு தொகுதியாக இருக்க, தோட்டத்துச் செவ்வரத்தைக்கோ அவை பல மடங்காகப் பெருகியிருக்கின்றன. அதனால் ஒரே காயிலிருந்து எடுத்த விதைகள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பென்று சொல்ல முடியாதபடி பூக்கின்றன. தோட்டக்காரனுக்கு ஆசையை மூட்டுவதும் அதுவே, அவனை ஏமாற்றுவதும் அதுவே.

முயற்சி கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். செவ்வரத்தை ஒரு நாள் பூ. விடியலில் விரிந்து, பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடும். மகரந்தம் நன்றாக உதிரும் காலை வேளையில், தந்தையாகக் கொள்ளும் பூவின் நடுத்தண்டை முறித்தெடுத்து, அதைத் தாய்ப்பூவின் நுனியிலுள்ள ஐந்து பட்டுப் பொட்டுகளின்மேல் மெல்லத் தடவ வேண்டும். நூல் கட்டி அடையாளமிட்டுவிட்டுக் காத்திருந்தால் அநேகம் உதிரும். சில காய் பிடிக்கும். காய் முற்றி வெடிக்க இரண்டு மூன்று மாதங்களாகும். வித்துகளின் கடினமான தோலைக் கத்தி நுனியால் சிறிது கீறி விதைத்தால் முளைப்பது விரைவாகும். முளைத்த கன்று முதற்பூ காட்ட ஓராண்டோ அதற்கு மேலுமோ செல்லும். அந்த முதற்பூ பெரும்பாலும் முன்னர்க் கண்ட ஏதோ ஒரு நிறத்தின் மங்கலான பிரதியாயிருக்கும். அபூர்வமாக ஒன்று, எங்கும் காணாத நிறமாயிருக்கும். அபூர்வமான ஒன்றை மீண்டும் விதையினாலே பெற முடியாது. தடி நட்டோ, பதியன் வைத்தோ, ஒட்டுக் கட்டியோதான் அந்த ஒரு நிறத்தைப் பெருக்கலாம். ஆகவே உலகத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட நிறச் செவ்வரத்தைகள் யாவும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். அவற்றை வைத்திருக்கும் கைகள் ஓய்ந்தால் அந்த நிறம் பூமியில் இல்லாமற் போகும்.

இலங்கையில் இந்தப் புதுநிறங்கள் பரவியதற்குப் பேராதனைத் தோட்டத்தைப் போன்ற ஸ்தாபனங்களும் துரைமாரின் பங்களாக்களும் துணைசெய்தன. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய அத்தோட்டத்தில் பின்னாளில் அதிகாரியாயிருந்த மக்மிலன் 1910இல் வெளியிட்ட உஷ்ணதேசத் தோட்டக்கலை நூல், பல தலைமுறைகளுக்குத் தோட்டக்காரரின் கைப்புத்தகமாய் விளங்கியது. மலையகத்தின் ஈரமும் குளிர்ச்சியும் புதுவகைகளுக்கு இதம். மன்னாருக்கோ அவை வேறு பாதையிலும் வரக்கூடியதாயிருந்தது. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறைவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது; பாம்பன் பாலமும் அவ்வாண்டே திறக்கப்பட, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இந்த வழியாகச் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போன பிரயாணி எவனும் இந்தத் தீவின் மணலை மிதிக்காமல் போயிருக்க முடியாது. ஆனால் அந்தப் பிரயாணி மடியில் ஒரு பூந்தடியைக் கொண்டுவருவது சட்ட விரோதமாயிருந்திருக்கும். 1869 முதல் கோப்பி இலையிற் படர்ந்த துருநோய் ஒரு பெருந்தொழிலையே அழித்ததைக் கண்ட தேசம், 1924ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் வெளிநாட்டுச் செடிகொடிகளின் வருகையைக் கட்டுப்படுத்தியது. சட்டம் நியாயமானதே. ஆயினும் பூக்கன்று விஷயத்தில் சுங்க அதிகாரியின் கண்ணுக்கும் பெண்களுடைய கூடைக்கும் நடந்த போட்டியில் எப்போதும் அதிகாரியே வென்றிருப்பார் என்று நினைப்பதற்கு, நம் பெண்களை அறியாதவராயிருக்க வேண்டும்.

வெள்ளைக்கு மன்னார்க் கரையில் ஒரு விசேஷத் தேவையும் இருந்தது. ஆகம வழியில் வெண்மலர் சாத்துவிகம், செம்மலர் இராசதம். எந்தத் தெய்வத்துக்கு எந்த வேளையில் எந்தப் பூ என்பதை வகுப்பதற்கென்றே கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்று தனி நூல் செய்திருக்கிறார். அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் சிவப்பு இருக்க, ஈசனுக்குச் சாத்த வெள்ளைப் பூவுள்ள செடி வளவில் நிற்பதைச் சைவர்கள் விரும்பினார்கள். கத்தோலிக்கர் பெருந்தொகையினராயுள்ள இந்தக் கரையில் மாதாவின் சுரூபத்துக்கும் வெள்ளைப் பூவே பிரீதி. இரண்டு வழிபாட்டுக்காரரும் ஒரே வேலியின் இருபுறத்திலும் நின்று, “பிள்ளை, உந்த வெள்ளையிலே ஒரு தடி முறிச்சுத் தாறியோ?” என்று கேட்டு வாங்கிக்கொள்வதில் சமய பேதம் எதுவும் குறுக்கிட்டதில்லை.

வாங்கிய தடியைப் பிழைக்க வைப்பதுதான் கஷ்டம். மன்னார்த் தீவு ஈழத்தின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. மழை ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வாடைக்காற்றோடு பெய்து ஓய்ந்தால், அதன்பின் நீண்ட வறட்சி. வைகாசியிலிருந்து வீசுகிற சோளகக் காற்று உப்பையும் மணலையும் சுமந்துவந்து மொட்டுகளை விரியுமுன்னே உதிர்த்துவிடும். அந்தக் காற்றை நம்பியே இப்போது தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன என்றால் அதன் பலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மணலோ சிப்பியும் சுண்ணாம்பும் கலந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு அகப்படாமற் போக, நரம்பு பச்சையாயும் இடைவெளி மஞ்சளாயும் இலைகள் வெளிறும். பழைய சிவப்பு இவ்வளவையும் தாங்கும். புதுநிறங்களோ, பூவின் அழகுக்காக மாத்திரம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டபடியால், வேரில் பலமில்லாதவை.

ஆகையினாலே தீவுப் பெண்கள் செய்த உபாயங்கள் எந்த நூலிலும் எழுதப்படாதவை. ஆனால் எந்த நூலுக்கும் குறைந்தவையல்ல. மழைக்கு முன்னே தடி நடுவதில்லை. முதல் மழை மண்ணின் உவரைக் கழுவிய பின்பே நடுவார்கள். பென்சில் பருமனான முற்றிய கொப்பில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, இலைகளைக் களைந்து, கிணற்றடியின் வடிநீர் பாயும் இடத்தில் ஊன்றுவார்கள்; குளிக்கிற தண்ணீரும் சட்டி கழுவுகிற தண்ணீரும் அதற்குப் போதும். குழியில் மாட்டெருவும் குளத்து வண்டலும் இட்டு மணலின் இயல்பை மாற்றுவார்கள். சோளகம் அடிக்கிற பக்கத்தில் கிடுகு கட்டி மறைப்பார்கள். வெண்பஞ்சுபோல் அப்பி இளந்துளிரைச் சுருட்டுகிற பூச்சி கண்டால், அந்தக் கொப்பையே வெட்டி எரித்துவிடுவார்கள். எல்லாவற்றிலும் பெரிய சத்துரு ஆடும், ஊரில் கேட்பாரற்றுத் திரிகிற கழுதையுமே. அவற்றுக்கு எந்த மருந்தும் கிடையாது, வேலிதான் மருந்து.

வெயிலில் நிறம் நிலைப்பதும் ஒரு பிரச்சினை. ஒரே செடி மார்கழியில் பெரிய பூவாய், ஆழ்ந்த நிறத்தோடு பூக்கும். ஆனியில் சிறுத்து, வெளிறி, மஞ்சள் சந்தனமாகிவிடும். வாங்கியபோது கண்ட நிறம் இதுவல்ல என்று விற்றவனோடு சண்டைக்குப் போகிறவர்கள் மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறுவது செவ்வரத்தைக் குடும்பத்துக்கே உரிய சுபாவம் என்பதைக் கரையோரத்துப் பூவரசு தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது: காலையில் மஞ்சளாய் மலர்ந்த பூ வாடி விழும்போது கருஞ்சிவப்பாய் விழுகிறது.

1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தத் தோட்டங்களுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட முடியாது. அவ்வாண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, முசலி முதலிய இடங்களிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். தமிழரில் அநேகர் படகேறி இராமேஸ்வரத்துக்கும், சிலர் மடு மாதாவின் வளவுக்கும் போனார்கள். தலைமன்னார்ப் புகைவண்டியும் அக்காலத்திலேயே நின்றுபோயிற்று. அது மறுபடி தலைமன்னார்வரை ஓடியது 2015 மார்ச்சில். கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் பூந்தடியை எடுத்துப் போவதில்லை. தண்ணீர் வார்ப்பாரில்லாத வளவுகளில் பலமற்ற புதுநிறங்கள் ஒரே சோளகத்தில் பட்டுப்போக, பழைய சிவப்பு மட்டும் கூரையில்லாத சுவர்களின் அருகே காடாய் வளர்ந்து நின்றது. திரும்பிவந்தவர்கள் சிலருக்குத் தங்கள் மனை எது என்று காட்டியதும் அந்தச் செடிதான். அவர்களுடைய வளவில் முன்னர் நின்ற நிறம், அதன் துண்டு எங்கேனும் அயலூரில் யாரேனும் ஒருவரிடம் தங்கியிருந்தாலொழிய, திரும்பக் கிடைக்கவில்லை.

இன்று சந்தைக்கு வருகிற நிறங்கள் வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் 1967இல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஹவாயி வகைகளையும் நாட்டு வகைகளையும் கலந்து, நர்த்தகி, ஆசீர்வாத், பாரத சுந்தரி, ஹெசரகட்டா ராணி என்றெல்லாம் பெயர் சூட்டிப் பல கலப்புகளை வெளியிட்டது. புளோரிடாவிலும் தாய்வானிலும் தாய்லாந்திலும் உண்டானவை சாப்பாட்டுத் தட்டளவு அகலமாய், மூன்று நான்கு வளையங்களாக நிறம் மாறி விரிகின்றன. கொழும்புக் கரையிலிருந்து லொறியில் வருகிற பூங்கன்றுகளை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பூவை. பார்க்க வேண்டியதோ அடித்தண்டை. ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை தங்கள் சொந்த வேரில் நிற்பவையல்ல; பழைய சிவப்புச் செவ்வரத்தையின் அடிக்கட்டையில் ஒட்டப்பட்டவை. உவரையும் சுண்ணாம்பையும் சோளகத்தையும் தாங்குவது அடியிலிருக்கிற பழையது, பூப்பது மேலிருக்கிற புதியது. கவனியாமல் விட்டால் ஒட்டுக்குக் கீழேயிருந்து பழையது துளிர்த்து, இரண்டொரு மழைக்குள் மேலிருப்பதை நெருக்கிக் கொன்றுவிடும். வாங்கியவர் தம் மஞ்சள் செவ்வரத்தை சிவப்பாய் மாறிவிட்டதென்று அதிசயிப்பார். ஒட்டுக்குக் கீழே எழும் துளிர்களை நகத்தால் கிள்ளக்கூடிய பருவத்திலேயே களைந்துவிட வேண்டும். தவறவிட்டு அது கொப்பாய் முற்றிவிட்டால் வெட்டியதை எறிந்துவிடாமல் வேலியோரமாக ஊன்றி வைப்பது உத்தமம். அடுத்த ஒட்டுக்கு அடிக்கட்டை வேண்டியிருக்கும்.